கரண்டு கம்மியாக இழுக்கும் கார்டு

கோயம்புத்தூருக்குப் போகிறது என்று நம்பி நான் ஏறிய ரயில், கோயம்புத்தூருக்குள் நுழையாமலே கேரளாவுக்குப் போகிற ரயில். எதிரில் உட்கார்ந்திருந்த மலையாள நர்ஸ்கள் இருவருக்கும் அது தெரிந்திருந்தது. "இந்த ஆள் இங்கே இறங்கவில்லை என்றால் இன்றைக்கு மத்தியானச் சோறு நம் ஊரில்தான்" என்று ஒருத்தி மற்றவளிடம் மலையாளத்தில் சொல்ல, எனக்குப் பாதி புரிந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போத்தனூரில் இறங்கினேன்.

அங்கிருந்து, முன்பு என்னிடம் வேலை பார்த்த கவிதாவின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். "அய்யோ, அவ ஜங்ஷன்ல நின்னுட்டு இருக்கறாளுங்க. நீங்க அங்கயே இருங்க தம்பி, அவ போன் பண்ணுனா சொல்லிப்போடறேன்" என்றார். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் பினாங்கில் தே தாரேக் என்னும் நுரை டீ ஆற்றுகிறவர்கள் தாங்கள்தான் உலகத்திலேயே உயரமாக ஆற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போத்தனூர்க் கடைக்காரரை அவர்கள் பார்த்ததில்லை.

கவிதா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "என்ற தப்புங்க சார். எந்த வண்டின்னு நான் சொல்லியிருக்கோணும்" என்றாள். ரயிலைப் பார்க்காமல் ஏறியவன் நான். தவறு அவளுடையதாம். இந்த ஊர்க்காரர்களோடு சண்டை போடவே முடியாது என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் மடியில் இருந்த பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் மேற்பார்வையாளர். கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற வேலையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு. அதைச் சூடான அறைக்குள் வைத்து, அதன் கிளாக் வேகத்தை, அதாவது ஒரு வினாடிக்குள் அது எத்தனை தடவை துடிக்கிறது என்பதை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எங்கே வந்து மயங்கி விழுகிறது என்று குறித்துக்கொள்வோம். கவிதா அந்தப் பிரிவில் என்னிடம் வேலை பார்த்தவள். நல்ல கெட்டிக்காரி. ஒருநாள் "ஊட்ல கொஞ்சம் வேலை இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கருமத்தம்பட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு அவளிடமிருந்து மின்னஞ்சல் வரும். அப்பாவின் பம்பு டிசைனைத் திரையில் ஓட்டிப் பார்க்க ஒரு கார்டு வேண்டும், எது நல்லது என்று கேட்பாள். நான் சொல்வேன். அடுத்த கடிதத்தில் ஒரு விசித்திரமான கேள்வி வரும்: அது எவ்வளவு கரண்டு இழுக்கும்? எங்கள் தொழிலில் எல்லோரும் வேகத்தைத்தான் கேட்பார்கள், கரண்டை யாரும் கேட்டதில்லை. நான் பதில் எழுதினால், "அப்பா அடுத்தது வரட்டும், காத்திருக்கலாம் என்கிறார்" என்று வரும். இப்படியே இரண்டு தலைமுறை கார்டுகள் சந்தைக்கு வந்து போய்விட்டன.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மார்ச்சில் நான் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வருவதாக இருந்தேன். அதைத் தெரிந்துகொண்டு அவள் எழுதினாள்: "எது கையில் இருக்கிறதோ அதைக் கொண்டுவர முடியுமா சார்? அவசரம் ஒன்றும் இல்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் என்றால் நல்லது." அவசரம் இல்லாதவர்கள் கிழமையைக் குறிப்பிடுவார்களா என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் கார்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குத் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில்தான் போத்தனூரில் நின்றேன்.

அவிநாசி சாலையில் பஸ் போகப் போக வெயில் ஏறியது. பினாங்கில் வெயில் ஈரமாக இருக்கும், சட்டை முதுகில் ஒட்டும். இங்கே அது காய்ந்த வெயில், உதடு வெடிக்கிறது. கருமத்தம்பட்டியில் இறங்கியபோது முதலில் எனக்குக் கேட்டது தறிச் சத்தம். ஓட்டுக் கூரை போட்ட நீளமான கட்டடங்களுக்குள்ளிருந்து கடகடவென்று அது வந்துகொண்டே இருந்தது. ஒரு தெருவைக் கடந்தால் நின்றுவிடும் என்று நினைத்தேன், அடுத்த தெருவிலும் அதேதான். "இது எப்ப நிக்கும்?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"ராத்திரி பகல் ஓடுமுங்க. ஞாயித்துக்கெழம நிக்கும்" என்றாள். பிறகு, "இல்லீன்னா தெருவுல யாராச்சும் தவறிட்டா நிப்பாட்டுவாங்க" என்றாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு நடந்தேன், பெரிதாக நினைக்கவில்லை.

அவள் அப்பா பழனிசாமி வாசலுக்கே வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளை வேட்டி, தடித்த விரல்கள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. போர்க் கிணற்றுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் பம்பு செய்கிறவர். "வாங்க, வாங்க. நெம்பத் தூரத்துலிருந்து வந்திருக்கறீங்க" என்று கையை நீட்டினார். நான் என் கையை நீட்டினேன். அவர் கை என் கையைத் தாண்டி, பக்கத்தில் இருந்த காற்றைத் தொட்டு நின்றது. ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. கவிதா அவர் முழங்கையை மெல்லத் தொட்டுத் திருப்பினாள். அப்புறம்தான் கைகள் சேர்ந்தன.

சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சோறு. அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்து, மேலே நெய் உருகிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றைச் சாப்பிடாமல் நாற்பது வருஷம் வாழ்ந்துவிட்டேனே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எதிரில் பழனிசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பளம் வலது பக்கமுங்க, தண்ணி டம்ளரு அதுக்கு அந்தப் பக்கமுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தேன்.

"சர்க்கரைங்க தம்பி" என்றார் பழனிசாமி, நான் கேட்பதற்கு முன்பே. "வலது கண்ணு போன வருசமே போயிருச்சு. இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாமுங்க. ஓரமாப் பாத்தாக் கொஞ்சம் தெரியும். வெள்ளிக்கெழம கோயமுத்தூர்ல ஆப்பரேசன். மிஞ்சுனா மிஞ்சும், இல்லீன்னா இல்லீன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு." ரசம் வேண்டுமா என்று கேட்கிற குரலில் இதைச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. கவிதாவைப் பார்த்தேன். "ஏன் எழுதல?" என்றேன். என் குரல் கொஞ்சம் உரத்துவிட்டது. "உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்களே சார்" என்றாள்.

பழனிசாமியின் கதை சுருக்கமானது. தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது, போர்க் கிணறு ஆழமாகிக்கொண்டே இருக்கிறது. வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் அதிகக் கரண்டு இழுத்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருள் கருகிப்போகிறது. கருகின மோட்டாரை மேலே இழுத்துப் போட்டுவிட்டு அழுகிற விவசாயிகளை அவர் நிறையப் பார்த்துவிட்டார். அதனால் குறைந்த கரண்டில் அதே தண்ணீரைத் தூக்குகிற ஒரு பம்பு செய்யப் பல வருஷமாக மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். பம்புக்குள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளுகிற சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர், அதன் வளைந்த தகடுகளை இவர்கள் இலை என்கிறார்கள். அந்த இலைகளின் சாய்வில்தான் சூட்சுமம் என்று கண்டுபிடித்து, அவர் சொல்லச் சொல்ல கவிதா கம்ப்யூட்டரில் அதை முப்பரிமாணத்தில் வரைந்திருந்தாள். பழைய கம்ப்யூட்டரில் அது படமாக நின்றது, திருப்பினால் உறைந்துபோனது. தண்ணீரோடு சேர்ந்து அது சுழல்வதை அவர் ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்தால்தான் இலை சரியா என்று தெரியும். தெரிந்தால்தான் வார்ப்புக்கு அனுப்ப முடியும். இது வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

"அப்ப ஏங்க ஐயா இத்தனை நாள் காத்திருந்தீங்க? ஒரு வருசத்துக்கு முன்னாடியே அனுப்பியிருப்பேனே" என்று கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, புதுசுன்னா கரண்டு கம்மியா இழுக்கோணுமில்லீங்க? நாங்க ஒவ்வொரு புது மோட்டாருலயும் ஆம்ப்ஸைக் கொறச்சுத்தானுங்க கொண்டாறோம். இல்லீன்னா எவன் வாங்குவான்? எங்க ஊட்டுக் கரண்டு இதுக்குத் தாங்காதுன்னு கவிதா அம்மணி சொன்னா. செரி, அடுத்தது வரட்டும், கம்மியா இழுக்கும்னு இருந்தேனுங்க."

உண்மையைச் சொன்னேன். எங்கள் தொழிலில் அப்படி இல்லை, அடுத்த தலைமுறை என்றால் வேகம் கூடும், சூடு கூடும், கரண்டும் கூடும். விசிறி இல்லாமல் ஓடிய கார்டுக்கு இப்போது விசிறி வந்துவிட்டது, இனி வருவது இதைவிட அதிகமாகத்தான் இழுக்கும் என்றேன். பழனிசாமி தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பம்பு செய்கிற ஒரு மனிதருக்குத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறு வந்திருக்காது. அந்தத் தவறால் காத்திருந்த நாட்களில்தான் அவருடைய வலது கண் போயிருந்தது. முதல் கார்டு வந்தபோது அவருக்கு இரண்டு கண்ணும் இருந்தன.

"அப்ப நாந்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவ எழுந்தார்.

சாயங்காலம் கார்டைப் பொருத்தினேன். திரை விழித்தது, இம்பெல்லர் வந்தது, அசைய ஆரம்பித்தது, கம்ப்யூட்டர் பொத்தென்று அணைந்து மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. மூலையில் ஸ்டெபிலைசர் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. டியூப் லைட் மங்கி மங்கி எரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடுகிற நான்கு தறிக்குடோன்கள், இந்த வீடு, எல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மர். தறிகள் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. கார்டு முழு வேகத்தில் வேலை செய்யப் போகிற அந்த நொடியில் கரண்டு போதாமல் எல்லாம் படுத்துவிடுகிறது.

கிளாக் வேகத்தைக் குறைத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கார்டின் வேகத்தை நான் இறக்கினேன். எங்கள் தொழிற்சாலையில் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். இன்னும் கொஞ்சம் குறைத்தேன், இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பிறகு படுத்தது. ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். பக்கத்து ஊரில் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். கல்யாணம் முடியவில்லை. "போய் வாங்கிட்டு வரலாமே" என்றேன். மூவரும் என்னைப் பார்த்த பார்வையில், கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது இந்த வீட்டில் நடக்காது என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை, பெரிய பவர் சப்ளை பெட்டி ஒன்று வாங்கத் துடியலூர் போனோம். கம்ப்யூட்டருக்குள் வருகிற கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற பெட்டி அது. பெரிதாக இருந்தால் கொஞ்சம் சமாளிக்கும் என்று எண்ணம். காந்திபுரத்தில் பஸ் மாறினோம். பாட்டு அலறிக்கொண்டிருந்த தனியார் பஸ். வழியில் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு, டிரைவர் இறங்கி ஒரு கடைக்காரரிடம் யாருக்கோ பெண் பார்த்த விவரத்தை நிதானமாக விசாரித்தார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பினாங்கில் என்றால் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தே அவரைக் கொன்றிருக்கும். தக்காளிக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம், "ஏனுங்க, அவங்க பேசற புள்ள நல்ல புள்ளைங்களா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "நல்ல புள்ளதான்" என்றேன்.

துடியலூர்க் கடைக்காரர் பெட்டியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் இதவிட நல்லது வருதுங்க. பொறுத்து வாங்கறீங்களா?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். கவிதா, "இல்லீங்க, இதுவே போதுமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். நான் வந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு என்று சொன்னாள்.

புதுப் பெட்டி போட்ட பிறகு கொஞ்சம் நம்பிக்கை வந்தது. இம்பெல்லர் அரைச் சுற்று சுற்றியது. பழனிசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார். அப்படித்தான் அவருக்குத் தெரியும். "வருதா, வருதா" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தறிகளில் ஷிப்டு மாறியது. நின்றிருந்த தறிகள் ஒன்றாகக் கிளம்பின. ஸ்டெபிலைசர் ஒரு முனகல் முனகியது. திரை கறுத்தது. நான் வாய்க்குள் மலாய் மொழியில் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன். நல்லவேளை, யாருக்கும் புரியவில்லை.

"கம்ப்யூட்டரைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஏதாவது லாட்ஜில் போட்டு ஓட்டலாம்" என்றேன். பழனிசாமி ஒப்புக்கொள்ளவில்லை. "என்ற பம்பு என்ற கரண்டுல ஓடோணுமுங்க தம்பி. இங்க ஓடாதது விவசாயி தோட்டத்துல எப்படிங்க ஓடும்?" பம்பு வேறு, பம்பின் படம் வேறு என்று அவரிடம் வாதாடலாம். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு மறுக்க முடியாத ஏதோ ஒன்று இருந்தது. விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் இடியாப்பம் போன்ற சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு, மனசு சரியில்லாமல் தெருவில் நடந்தேன். எதிர்க் குடோன் வாசலில் ஒரு அம்மாள் நூல் மூட்டைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராமாத்தாள். அந்தக் குடோனின் சொந்தக்காரர் அவர்தான், மற்ற மூன்று குடோன்களும் அவருடைய பங்காளிகளுடையவை என்று கவிதா சொல்லியிருந்தாள். கொங்கு மரியாதை தெரிந்த யாரும் செய்யாத காரியத்தை நான் செய்தேன். நேரே போய், "அம்மா, உங்க தறியெல்லாம் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: கண், வெள்ளிக்கிழமை, பம்பு, வோல்டேஜ்.

"பழனிசாமி அண்ணனுக்குக் கண்ணு இத்தனை மோசமுங்களா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுலீங்களே" என்றார் ராமாத்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பழனிசாமியின் வீட்டைப் பார்த்தார். "தறி நின்னா எழவுன்னு ஊரு நெனைக்குமுங்க. பரவால்லீங்க, நெனச்சா நெனைக்கட்டும். நீங்க போயி மிசினைப் போடுங்க." உள்ளே திரும்பி ஒரு ஆளைக் கூப்பிட்டு, மற்ற குடோன்களுக்கு அனுப்பினார்.

நான் வீட்டுக்குள் ஓடி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். பழனிசாமி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டிய துணிகளை மனைவி மடித்து வைப்பதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் ஒரு குடோன் நின்றது. பிறகு இன்னொன்று. சத்தம் ஒவ்வொரு பக்கமாகக் குறைந்து, அந்தத் தெருவின் கடைசித் தறியும் நின்றபோது, எங்கோ ஒரு காக்கை கத்துவது கேட்டது. மூன்று நாளில் அந்த ஊரில் நான் கேட்ட முதல் காக்கை அது. டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது.

பழனிசாமி எழுந்து நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "யாரு போயிட்டாங்க?" என்றார்.

"யாரும் இல்லீங்கப்பா" என்றாள் கவிதா.

"தறி நின்னிருச்சே கண்ணு."

"உங்களுக்காகத்தானுங்கப்பா நிப்பாட்டியிருக்கறாங்க. பம்பு பாக்கறதுக்கு."

அவர் அசையாமல் நின்றார். "எனக்காகவா" என்றார். அந்தத் தெருவில் யாருக்காகத் தறி நிற்கும் என்று அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி மடித்த வேட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏதோ பெரிய அபசகுனத்தைச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள், தறி ஓட்டுகிறவர்கள், பெண்கள். ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒப்பாரிக்குத் தலைமுடியை அவிழ்க்கக் கைவைத்த ஒரு பெண், உள்ளே நின்றுகொண்டிருந்த பழனிசாமியைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

பழனிசாமிதான் முதலில் பேசினார். "வந்ததே வந்துட்டீங்க, உள்ள வாங்க. போறது கண்ணுதானுங்க, நான் இன்னும் போகல" என்றார். ஒருவர் அழுவது போலச் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அறை கொள்ளாமல் ஆட்கள் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார்கள். ராமாத்தாள் வாசற்படியில் நின்றுகொண்டார்.

இம்பெல்லர் சுழன்றது. குறைத்து வைத்திருந்த வேகத்தை நான் ஏற்றவில்லை, ஏற்றி ஆபத்தை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நீலத் தண்ணீர் நடுவில் நுழைந்து, இலைகளின் மேல் வழுக்கி, விளிம்பில் வெளியேறியது. மெதுவாகத்தான் சுற்றியது. பழனிசாமி பக்கவாட்டில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்ப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கடைசி ஓரத்தால் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்தால் அந்த நேரம் வீணாகும் என்று துடைக்காமல் விட்டார்.

"சித்தெ நிறுத்து கண்ணு. அந்த இலை. ஆமா, அதுதான். நுனியில தண்ணி தயங்குது பாரு. இன்னும் கொஞ்சம் சாயோணும்."

கவிதா சாய்த்தாள். மறுபடி சுற்றியது. "இன்னும் ஒரு மசுரளவு" என்றார். அவள் மாற்றினாள். இந்தத் தடவை நீலம் எங்கும் தேங்காமல் ஓடியது, எனக்கே தெரிந்தது. தறி ஓட்டுகிற ஒருவர், "இப்ப நல்லா வழியுதுங்க" என்று மெல்லச் சொன்னார். பழனிசாமி தலையை ஆட்டினார். அதன் பிறகு அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ராமாத்தாள் ஆட்களை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

கவிதா மாற்றியதைச் சேமித்துவிட்டு, வாசல் பக்கம் பார்த்துத் தலையசைத்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். போகும்போது சிலர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவர் திரையை விட்டுத் திரும்பவில்லை. நானும் அணைக்கச் சொல்லவில்லை.

தறிகள் ஒன்றொன்றாகக் கிளம்பின. டியூப் லைட் மங்கியது. ஸ்டெபிலைசர் டக்கென்றது. திரை கறுத்தது.

பழனிசாமி அப்படியே உட்கார்ந்திருந்தார். மிகவும் மெதுவாக, "அம்மணி, போனது கரண்டுங்களா, கண்ணுங்களா?" என்று கேட்டார். மகளிடம் அவர் அதுவரை அந்த மரியாதையில் பேசி நான் கேட்டதில்லை.

"கரண்டுதானுங்கப்பா" என்றாள் கவிதா. அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "கரண்டுதான்."

வெள்ளிக்கிழமை காலை அவர்களோடு நானும் கோயம்புத்தூருக்குப் போனேன். அன்று மாலை எனக்கு ரயில். நாங்கள் கிளம்பும்போது ஜெனரேட்டரைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டார் லட்டு வேறு கொடுத்தார்கள். பழனிசாமி அவர்களுக்கு நன்றி சொல்லி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் விசாரித்துவிட்டுத்தான் காரில் ஏறினார். வழியெல்லாம் கவிதாவிடம் வார்ப்புக்கு எப்போது அனுப்ப வேண்டும், எந்த மண்ணில் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அவரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். பச்சை உடுப்பு மாட்டியிருந்தார்கள், நெற்றியில் இடது கண்ணுக்கு மேலே பேனாவால் ஒரு குறி போட்டிருந்தார்கள். நான் விடைபெற அவர் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை நான்தான் என் கையை அவர் கை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன்.

"ஏனுங்க தம்பி, அடுத்த கார்டு எப்பங்க வரும்?" என்றார்.

"இந்த வருசக் கடைசியில வந்துருமுங்க."

"அது கரண்டு கம்மியா இழுக்குமுங்களா?"

அடுத்து வரப்போகும் கார்டை நான் ஏற்கெனவே சோதித்திருந்தேன். பக்கத்தில் நின்றிருந்த கவிதாவுக்கும் உண்மையான பதில் என்ன என்று தெரியும். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"கம்மியாத்தானுங்க இழுக்கும்" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்று சொல்லி என் கையை விட்டார். "வந்தா ஒண்ணு எடுத்து வெய்யுங்க. பாக்கலாம்."